இருபத்தேழாம் கேள்வி

தெருவில் அவளுக்குப் பெயர் கேள்விக்காரி. சுகாதாரத் துறைக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது பதினெட்டு வருடப் பிழைப்பு. நிரந்தரமில்லை; மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டும் வேலை. வயிற்றுப்போக்கு முதல் கழிப்பறை வரை எதையும், மணி என்ன என்று கேட்பதுபோல் கேட்டுவிடுவாள்.

அந்த ஆண்டு இருபத்தேழாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது: 'உடலுறவில் உங்களுக்கு ஆசை உண்டா?'

தையற்காரர் மெஷினை நிறுத்தாமலே சிரித்தார். "ஆம்பளைன்னு எழுதிட்டீங்கல்ல, அதுலயே பதில் வந்துடுச்சே."

பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு அந்த நினைப்பெல்லாம் கிடையாதுக்கா" என்றாள்.

மருத்துவமனையில் துணி வெளுப்பவள் மொட்டைமாடியில் தனியாக விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள். "இருக்காதா பின்ன? நான் என்ன மரக்கட்டையா? எங்க வீட்டுக்காரர்தான் தலையச் சாய்ச்சா அடுத்த நிமிஷம் குறட்டை."

அறுபது வீடு முடிந்தது. ஆண்கள் அறுபது பேரும் 'உண்டு'. பெண்களில் ஐம்பத்தேழு பேர் 'இல்லை'. மூன்றே பேர் 'உண்டு'.

ஆணுக்கு நெருப்பையும் பெண்ணுக்குத் தண்ணீரையும் இயற்கையே பங்கு பிரித்துக் கொடுத்ததாக மேற்பார்வையாளர் நம்பியிருந்தார். அந்த மூன்று மட்டும் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

"ஏம்மா, குடும்பப் பொம்பளைங்க பேசுற பேச்சா இது? விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க. மாத்திடு."

"ஆம்பளைங்க அறுபது பேரும் விளையாட்டுக்குச் சொல்லலையா சார்?"

"உன் ஒப்பந்தம் என் மேசைலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்க."

கேள்விக்காரி படிவங்களை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். மூன்றையும் தனியே வைத்துப் பார்த்தாள். ஒருத்தி மாடியில், ஒருத்தி கிணற்றடியில், ஒருத்தி பூட்டிய கடைவாசலில். மூவரும் தனியாக இருந்தவர்கள். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. இப்போது பெண்கள் சொன்ன பதில்களின் கீழே எழுதத் தொடங்கினாள். 'அருகில் கணவர்.' 'கணவரும் மாமியாரும்.' 'மாமனார், வாசலில்.' ஐம்பத்தேழிலும் யாரோ ஒருவர் இருந்தார். மூன்றில் மட்டும், 'யாருமில்லை.'

"ஒரு பதிலையும் மாத்தல சார். யார் இருந்தாங்கன்னு மட்டும் சேர்த்திருக்கேன்."

படிவங்கள் மேலே போயின. ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடந்தது.

மறு ஆண்டு அவள் வீட்டுக்கே கணக்கெடுக்க வந்தார் ஒருவர். அவள் இடத்தில் ஓர் ஆண் ஊழியரைப் போட்டிருந்தார்கள். படிவத்தில் ஒரு வரி புதிதாக அச்சாகியிருந்தது: 'பதில் சொல்லும்போது உடனிருந்தவர்.' வந்தவர் தொண்டையைச் செருமி, இருபத்தேழாம் கேள்விக்கு வந்தார்.

"படிவத்தை இப்படிக் குடுங்க சார். நீங்களும் இவரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"நான் எதுக்குடி? எனக்குத் தெரியாததா?" என்றார் கணவர்.

"தெரிஞ்சவருக்கு இங்க என்ன வேலை? போங்க."

அவள் கதவைச் சாத்திவிட்டு, பேனா மூடியைத் திறந்தாள்.