மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு

ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு சோளக்காட்டில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். எல்லாம் என் மனைவி அக்சாவின் புண்ணியம். பருத்தி அடிமைகள் பறித்தது, சர்க்கரை அடிமைகள் காய்ச்சியது, இரண்டும் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்பது அவள் சட்டம். காப்பியும் போயிற்று. வறுத்த பார்லித் தண்ணீரைக் குடித்துக் குடித்து என் நாக்கு செத்துப்போனது.

அதோடு விட்டாளா? இந்தியானாவில் எங்கள் குவேக்கர் கிறிஸ்தவ சபை, அடிமைத்தனம் பாவம் என்று எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் கறுப்பர்கள் ஜெபத்துக்கு வந்தால் மாடிப்படிக்குக் கீழே தனி பெஞ்சு. ஹெஸ்டர் என்கிற சலவைக்காரி மட்டும் அதில் உட்காருவாள். ஒருநாள் அக்சா நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லவதான் நீ. ஆனா எனக்கு இருந்த எடத்துலயும் பாதியப் புடிச்சிக்கிட்டே. நான் முன்னாடி போயி உக்கார வழியப் பாரு" என்றாள் ஹெஸ்டர்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எங்கள் சபையில் ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. கடவுள் அவரவர் மனசுக்குள் வெளிச்சம் காட்டவேண்டும். ஒரே ஒருவர் சம்மதமில்லை என்றாலும் காரியம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அடுத்த மாதம் பார்ப்போம் என்று எழுந்து போவோம். மாதாமாதம் அக்சா எழுந்து, "அந்த பெஞ்ச எடுத்துருங்க" என்பாள். மாதாமாதம் சபையை நடத்தும் ஜாபெஸ் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு இன்னும் வெளிச்சம் கெடைக்கல" என்பான். இப்படியே வருஷங்கள் ஓடின. ஹெஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓடைக்கு அக்கரையில் தன் ஜனங்கள் கட்டிய கோயிலுக்குப் போய்விட்டாள்.

"ஒங்க ஜாபெஸுக்கு வெளிச்சம் வந்ததும் சொல்லியனுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அவளே போயிட்டா. இன்னும் என்னடி ஒனக்கு?" என்றேன்.

"பெஞ்சு இருக்குல்ல, ஈபர்" என்றாள் அக்சா. காலி பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

கடைசியில் ஜாபெஸ், அவளைச் சபையைவிட்டே நீக்கவேண்டும் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். தன் விஷயத்தில் அவள் மறுப்புச் செல்லாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நிம்மதி. ஆனால் அவளுக்கு அந்தச் சபையை விட்டால் வேறு உலகம் ஏது? எங்கள் கல்யாணம் அங்கேதான். இரண்டு குழந்தைகளைப் புதைத்ததும் அங்கேதான். எழுந்து நின்றேன்.

"எனக்குச் சம்மதமில்ல."

"நீயுமா, ஈபர்?"

"எனக்கும் இன்னும் வெளிச்சம் கெடைக்கல, ஜாபெஸ்."

காரியம் நின்றது. வண்டியில் திரும்பும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன்.

"எனக்காக எந்திரிச்சே, சரி. பெஞ்சுக்காக ஒருநாளாவது எந்திரிச்சியா?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குதிரையை விரட்டினேன்.

போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த வாரமே கடைக்குப் போய்க் காப்பியும் சர்க்கரையும் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்தேன். மிச்சத்தை வாசலுக்கு வெளியே கொட்டினேன். பாவி மகள், செத்தும் என்னை விடவில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில் ஜாபெஸ் நிம்மதியாகச் சுற்றிலும் பார்த்தான். "வேற ஏதாச்சும் இருக்கா?"

மாடிப்படியில் தலை இடிக்காமல் குனிந்து எழுந்தேன்.

"அந்த பெஞ்ச எடுத்துருங்க."

ஜாபெஸ் கண்ணை மூடிக்கொண்டான். நான் மறுபடியும் அதிலேயே உட்கார்ந்தேன்.