முகக்கவசங்களுக்கு அடித்த வெள்ளிப் பெயின்ட்

போர்ட் பிளேரில் இரும்பு என்றால் பெயின்ட் அடிக்க வேண்டும். மழைக்கு முன்னால் ஒரு தடவை அடிக்காவிட்டால் கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் உப்புக்காற்றில் உதிர்ந்துவிடும். ஷாதிபூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளை நானே எத்தனையோ முறை சுரண்டிப் பூசியிருக்கிறேன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாள்வீச்சு முகக்கவசத்துக்கும் அதையே செய்வார்கள் என்றுதான் தோன்றவில்லை.

நான் வாள்வீச்சில் சேபர் பிரிவில் ஆடியவள். இந்தியாவுக்காக வெளிநாடுகளில் பல வருஷம் ஆடி, முழங்கால் போன பிறகு ஊர் திரும்பி அரசு விளையாட்டுத் துறையில் ஒப்பந்தக் கோச்சாகச் சேர்ந்தேன். சேபரில் இடுப்புக்கு மேலே எங்கே வெட்டினாலும் புள்ளி, தலையும் சேர்த்தி. வாளிலிருந்து மின்சாரம் எதிராளியின் உலோக நூல் சட்டைக்கோ முகக்கவசக் கம்பிவலைக்கோ பாய்ந்தால்தான் விளக்கு எரியும். நடுவில் பெயின்ட் இருந்தால் எரியாது. இவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷம் என்னிடம் நான்கு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், சிலோன் மலையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு சிப்பிகாட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு என் நல்ல நாட்களில் இருந்ததைவிட அவளுக்குக் கால் வேகம் அதிகம். இதைச் சொல்லும்போது இப்போதும் லேசாகப் பொறாமை வருகிறது. ஜூனியர் பிரிவில் அதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். தேசியப் போட்டியில் முதல் எட்டுக்குள் வந்தால் மெயின்லேண்டில் விளையாட்டு விடுதியில் இடம். வராவிட்டால் சிப்பிகாட் பண்ணையில் தினக்கூலிக்குச் சேர்த்துவிட அவள் அப்பா பேசி வைத்திருந்தார்.

பயிற்சிக்கு எங்களுக்குப் பழைய முகக்கவசங்கள்தான்; புள்ளி காட்டும் விளக்குப் பெட்டி கிடையாது. நல்ல சாமான்கள் எல்லாம் ஸ்டோரில் பூட்டி இருக்கும். போட்டிக்குப் போகிற அன்றுதான், சீல் வைத்த பெட்டியில், கப்பல் துறையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அங்கேயே உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். கப்பலுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள் நடுக்கடலில் பெட்டியைத் திறந்தோம். குப்பென்று பெயின்ட் வாடை. வாள்களும் முகக்கவசங்களும் வெள்ளியாக மின்னின.

"எல்லாம் புதுசா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டாள் கச்சால் பெண்.

கப்பல் ஊழியர்களிடம் கெஞ்சி உப்புத்தாளும் தின்னரும் வாங்கி, பங்க் கிளாஸ் படுக்கைக் கூடத்தின் வாசலில் ஐந்து பேரும் உட்கார்ந்து தேய்த்தோம். வாள்கள் ஒரே பகலில் சுத்தமாகிவிட்டன. கம்பிவலை மசியவில்லை. உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட் அடித்திருந்தார்கள், ஒரு துளை விடாமல். அரசாங்கத்தில் வேறெந்த வேலையையும் இவ்வளவு அக்கறையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

போட்டி நடந்த ஊரில் சாமான்களைச் சோதிக்கிறவர் மீட்டரின் முனையை முகக்கவசத்தில் வைத்தார். முள் அசையவில்லை. எதிராளி வெட்டினாலும் விளக்கு எரியக் கூடாது என்றே பூசிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்தார். என்னிடமே கேட்டார். நாட்டின் கொடி தைத்த சட்டையோடு ஆடியவளிடம், தில்லுமுல்லா என்று. விளக்கிச் சொன்னதும் நம்பினார். ஆனாலும் நான்கு முகக்கவசங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டார். அது கடைத்தெருவில் போய் வாங்குகிற பொருளும் இல்லை.

மறுநாள் வேறொரு மாநிலத்துப் பெண் தன் முகக்கவசத்தை ஆட்டங்களுக்கு நடுவில் தருவதாகச் சொன்னாள். நல்ல மனசு. ஆனால் கச்சால் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டபோது, பக்கத்துத் தளத்தில் அந்த மாநிலத்துப் பெண்ணின் ஆட்டம் முடியவில்லை. எங்கள் பெண் சட்டை போட்டு, ஒயர் மாட்டி, வாளோடு கோட்டில் நின்றாள். தலை மட்டும் வெறுமையாக இருந்தது. மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் கையைத் தூக்கினாள். நான் நடுவரிடம் கத்தினேன், கும்பிட்டேன். ஆடத் தயாராக இல்லாவிட்டால் 'வரவில்லை' என்றுதான் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டார்.

திரும்பி வந்ததும் நேரே ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் மதுரைக்காரர், தீவுக்கு வந்து வெகுகாலம், பேச்சில் பாதி இந்தி. நான் கத்தி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு ஒரு பைலைப் பிரித்து நீட்டினார்.

"நீங்கதான மேடம் சிட்டி போட்டீங்க? மாஸ்க்ல பூரா ஜங்க் புடிக்குது, தக்க நடவடிக்கை எடுங்கன்னு. ஆளு கிடைக்கல. சண்டே நானே உக்காந்து டபுள் கோட் அடிச்சேன். டீக் நஹி ஹை க்யா?" சரியாக இல்லையா என்று நிஜமாகவே கேட்டார்.

என் கையெழுத்துதான். முந்தைய வருஷம் துருவைப் பார்த்த கோபத்தில் எழுதிய கடிதம். என்ன நடவடிக்கை என்று ஒரு வரி எழுதவில்லை. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன். அவரைத் திட்டவும் முடியவில்லை, என்னை விட்டுவிடவும் முடியவில்லை.

அதோடு போயிருந்தால் ஆறியிருக்கும். பத்து நாளில் அந்தப் பெண் நாங்கள் பயிற்சி செய்யும் மின்னி பே மைதானத்துக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள். அலுவலகத்திலிருந்து மெமோ. அரசுச் செலவில் சென்றும் போட்டிக்கு வராததற்கு விளக்கம் தர வேண்டும்.

"நான் வரலனு போட்டுருக்காங்க மேடம். நான் அங்கதானே நின்னேன்?"

அவளுக்காக நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். மின்சாரம், கம்பிவலை, என் கடிதம், என் தவறு எல்லாம் எழுதினேன். அவள் படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து பண்ணை வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நாற்றுப் பைகளில் மண் நிரப்புகிற வேலை.

பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. அவளிடம் சேர்க்கச் சொல்லி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, வருங்காலத்தில் போட்டிகளுக்குத் தவறாமல் வர வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறார், என்று இருந்தது. சிப்பிகாட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டேன். அந்தக் காகிதத்தை அவளிடம் நான் கொடுக்கவே இல்லை.