விமானக் கொட்டகையில் பால் காய்ச்சினோம்

கோலா சிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவா டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த பழைய ஆகாயப்படைத் தளத்தைத் தொழிற்கல்லூரியாக மாற்றப்போகிறார்கள் என்றபோது எங்கள் வட்டாரத்தில் யாரும் நம்பவில்லை. விமானம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஓடுபாதையில் பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து வந்த மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அங்கே எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. என் மேசையைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில் போட்டார்கள். லீவு கேட்க வரும் விரிவுரையாளர்கள் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி, கேட்க வந்ததையே மறந்து நிற்பார்கள். எனக்கு வசதிதான்.

வேலியெங்கும் உள்ளே நுழையாதே என்ற பழைய சிவப்புப் பலகைகள் அப்படியே இருந்தன. கைகளைத் தூக்கி நிற்கும் ஒருவன், அவனை நோக்கித் துப்பாக்கி நீட்டும் சிப்பாய். அதற்குக் கீழே "மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது" என்று பேனர் கட்டச் சொன்னார் முதல்வர். கட்டினேன்.

கல்லூரி கேண்டீன் என் அக்காவுக்குக் கிடைத்திருந்தது. அக்கா கோலா சிலாங்கூர் சந்தைப் பக்கம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்றவள். லைசென்ஸ் இல்லையென்று நகராட்சியின் அமலாக்க லோரி வந்து கூடாரம், மேசை, அடுப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும். அபராதம் கட்டி மீட்டு, வேறு மூலையில் கடை போடுவாள். லோரி அங்கேயும் வரும். "நாலு செவுரு வேணும் புள்ள. எவனும் தூக்கிட்டுப் போவ முடியாத செவுரு" என்பாள்.

கேண்டீனுக்கு ஒதுக்கியது விமானக் கொட்டகையின் ஒரு மூலை. மீதி இடமெல்லாம் வகுப்பறைகள். ஆனால் பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை, சான்றிதழ் கொடுத்தால்தான் கதவைத் திறக்கலாம். கூரையில் இருந்த தீயணைப்புக் கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். நாங்கள் தளத்தை ஒப்படைத்தவர்களிடம் கேட்டோம். அது ரகசியம் என்றார்கள். விமானம் போய், சிப்பாய் போய், கூரைக் குழாய் மட்டும் ரகசியமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்றால், ரகசியத்தைச் சோதிக்கத் தனி அனுமதி வேண்டுமாம். இப்படியே இழுத்தால் டவுனில் கடைவீடு பிடித்துக் கல்லூரி நடத்துவோம் என்று மேலிடத்தில் பேச்சு. கடைவீட்டில் கேண்டீன் கிடையாது.

பொம்பா அதிகாரி கடைசித் தடவையாக வருவதாக இருந்த காலையில், அக்கா எனக்கு முன்பே கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள். செங்கல், சுள்ளி, பித்தளைப் பானை, பால். புது இடத்தில் பால் காய்ச்சாமல் அடுப்புப் பற்றவைத்தால் விளங்காது என்பது அவள் கட்சி.

"அக்கா, இது வீடு இல்ல. ஏரோப்ளேன் கொட்டாய்."

"செவுரு இருக்குல்ல?"

"பொம்பா ஆளு வராரு லா."

"வரட்டும். அவருக்கும் ஒரு டம்ளரு பாலு."

கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். விமானிகளுக்குத் திசை காட்ட ஓடுபாதையில் எழுதியிருந்த எண்ணை வைத்துச் சொன்னேன். சூடம் கொளுத்தி, சாம்பிராணி போட்டு, சுள்ளியைப் பற்றவைத்தாள். பால் விளிம்புக்கு ஏறும்போதுதான், கொட்டகைக்கு முந்தின நாள் மின்சாரம் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. சங்கு ஊதியது. பிறகு கூரையிலிருந்து நுரை கொட்டத் தொடங்கியது.

கொட்டிக்கொண்டே இருந்தது. அடுப்பு மறைந்தது. புது நாற்காலிகள் மறைந்தன. அக்கா முந்தானையால் பானையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியபடி இடுப்பளவு நுரையில் நின்றாள். அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நுரையும் கூடவே வந்தது. பெரிய கதவு வழியாக, சரியாகக் கிழக்குப் பக்கம் வழிந்து, ஓடுபாதையில் இறங்கியது. மாடுகள் எழுந்து போயின.

எங்கள் முதல்வர் யாழ்ப்பாண வம்சாவளி, குரலை உயர்த்தாத மனிதர். காரிலிருந்து இறங்கியதும் முழங்கால் வரை நுரை.

"இஞ்ச என்ன நடக்குது, பிள்ளை?"

"பால் காய்ச்சினோம், சார்."

அவர் ஓடுபாதைவரை பரவிய நுரையைப் பார்த்தார். "எவ்வளவு பால்?"

அக்கா அழுதாள். இந்தத் தடவை லோரியே வரவில்லை, அவளே தன் கடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது பொம்பா அதிகாரி வந்தார். நுரையைத் தொட்டுப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. கருவி அருமையாக வேலை செய்கிறது என்று மலாயில் சொல்லி, என் முதுகில் காகிதத்தை வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கொட்டகைக்குள் இனி ஒருபோதும் நெருப்பு மூட்டக் கூடாது என்றார்.

அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தாள். அவருக்கே பாவமாகிவிட்டது. தளம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, அடுப்பெரிக்கத் தோதான கட்டடம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். அது பழைய வெடிமருந்துக் கிடங்கு. உள்ளே வெடித்தாலும் தாங்கும்படி கட்டியது. சம்பல் தாளிப்பதைத் தாங்காதா என்ன.

இப்போது கேண்டீன் அங்கேதான். கதவில் "வெடி அபாயம்" என்ற மலாய் எழுத்து இன்னும் அழியவில்லை. அதற்குக் கீழே மாணவர்கள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.

கடை திறந்த அன்று, "பாலு காய்ச்சலையாக்கா?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கட்டடமே பொங்கிருச்சி. அது போதும்."

முழங்கை நீளத் தடிமன் இருந்த அந்தச் சுவரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். சத்தமே வரவில்லை. கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதத் தூக்க எந்த லோரிடி வரும்?"