தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

என் மகள் ரெபேக்காள் காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு நான்கு வயது. போன ஐப்பசி, விடாத மழை.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனர், பெயின்டர், ஓட்டலில் மாவு அரைக்கிறவன் என்று ஊர் ஊராய்த் திரிந்தேன். எங்கும் நிலைத்ததில்லை. மனைவி காய்ச்சலில் இறந்த பிறகு, பிள்ளையோடு திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன ஜெப வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பாஸ்டர் பின்பக்க அறையைக் கொடுத்தார். ஆண்டவருடைய வீடே எங்களுக்கும் வீடானது.

அன்று காலை உபவாச ஜெபத்துக்குப் பாய் விரித்துவிட்டுத் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. பிள்ளை இல்லை. தெருத் தெருவாக ஓடினேன். ஏரி கரை தளும்பி நிற்பதைப் பார்த்ததும் கரை நெடுக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று போனில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. போலீசில் சொல்லிவிட்டு நனைந்தபடி திரும்பினேன். சபை வாலிபர்கள் தேடப் போயிருந்தார்கள். பாஸ்டர் என் தோளைப் பிடித்து மண்டி போட வைத்தார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முழங்காலில் நின்றுவிட்டால் கேட்டைத் தாழிட்டுவிடுவோம். ஆசீர்வாதம் சொல்லும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை.

"ஆண்டவரே, என் பிள்ளையை உம்முடைய வீட்டுக்கே கொண்டு வாரும்" என்றுதான் அழுதேன். வேறு வார்த்தை வரவில்லை.

கேட் தட்டும் சத்தம் கேட்டது. நான் எழப் போனேன். சபை மூப்பர் தேவராஜ் ஐயா கையமர்த்திவிட்டு அவரே போனார். தகரக் கேட்டில் முகம் மட்டும் தெரிகிற சின்னத் திறப்பு உண்டு. பார்த்துவிட்டு வந்து காதில் சொன்னார்: "எவனோ இந்திக்காரன்பா. வேலை கேட்டுகினு வந்துக்கீறான். அப்பால வான்னு கையக் காட்டிட்டேன்."

மறுபடியும் தட்டினார்கள். யாரும் எழவில்லை. பாட்டும் ஜெபமும் வெகுநேரம் போனது. நடுவில் சத்தம் அடங்கியபோது வெளியே ஒரு குரல்.

"நைனா."

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. மழையில் ஒரு மனிதர் நின்றார். அவருடைய பிளாஸ்டிக் கோட்டுக்குள் என் பிள்ளை அப்போதுதான் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள். தேவராஜ் ஐயா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கேந்துடா தூக்கினு வந்தே?"

"அடிக்காத தாத்தா. இது செருப்பு மாமா" என்றாள் ரெபேக்காள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் கீழே கை காட்டினாள். அவர் வெறுங்காலோடு நின்றார். அவர் செருப்பு சுவர் ஓரம் ஜோடியாக இருந்தது. ஞாயிறுதோறும் எங்கள் செருப்புகளை வரிசையாக அடுக்கி விளையாடும் என் மகள், வெளியே தெருவில் கழற்றிவிட்டிருந்த இந்தச் செருப்பையும் வாராவாரம் சேர்த்து அடுக்கி, அவரோடு பழகியிருக்கிறாள்.

பாஸ்டர் தமக்குத் தெரிந்த இந்தியில் பேசினார். வந்தவர் ஒடிசாக்காரர், ஆண்டவரை அறிந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை. ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பார விளிம்பில் தனியாக நின்ற பிள்ளையை அடையாளம் கண்டு தூக்கி வந்திருக்கிறார். எத்தனையோ ஞாயிறு கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, எங்கள் பாட்டைக் கேட்டு ஜெபித்திருக்கிறார். ஏன் உள்ளே வரவில்லை என்று பாஸ்டர் கேட்டார்.

"இது தமிழ் ஆளுங்க வீடுன்னு நினைச்சேன்" என்றார், தெரிந்த தமிழில்.

பாஸ்டர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையை விட்ட தேவராஜ் ஐயாவின் கை அந்தரத்திலேயே நின்றது. நாங்கள் உள்ளே எதைக் கேட்டு அழுதோமோ, அதை ஆண்டவர் ஏற்கெனவே வாசலில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். தாழ் எங்கள் பக்கம் இருந்தது.

அடுத்த நாள் அந்தத் தாழ்ப்பாளை நானே கழற்றினேன். இப்போது ஞாயிறு ஆராதனையில் ஒடியா மொழியிலும் ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. நேபாளத்துக் காவலாளி ஒருவரும் வருகிறார். ஊர் ஊராய்த் திரிந்த எனக்கு இப்போது இந்த வாசலை விட்டுப் போக மனமில்லை. வருகிறவர்களை உட்கார வைப்பது என் வேலை.

என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். இதை வாசிக்கிற அன்பானவர்களே, நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால், எழுந்து போய்த் திறந்துவிடுங்கள்.