இருமல் மருந்துப் புட்டியில் எண்பத்தாறு நாள்

நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம். போர்ட் பிளேரில் ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில் நீலாவதி பதினோரு வருடமாகச் செய்துவரும் வேலையை இப்படிச் சொல்லிவிடலாம். கிருமி வளர்த்து முடித்த குடுவைகளைப் பெரிய குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் அடுக்கி, கிருமி செத்த பிறகு குடுவையிலுள்ள நீரைத் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு சொட்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போகும்.

அவள் கணவர் யோகராஜ் வண்டூரில் சுற்றுலாப் பயணிகளுக்குக் அடித்தளம் கண்ணாடியாலான படகு ஓட்டுகிறவர். போன நவம்பரில் அவருடைய குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்த டாக்டர், தோல் புற்றுநோய் என்றார்.

"மெயின்லேண்டுக்கு எழுதித் தரேன். பத்து நாளுக்குள்ள சென்னையில ஆபரேஷன் பண்ணிக்கணும். இப்ப வெட்டினா குதிகாலோட முடிஞ்சிடும்."

யோகராஜ் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இப்பத்தான் சீசனே ஆரம்பிக்குது. பிப்ரவரி வரட்டும், பாத்துக்கலாம்."

நீலாவதி சண்டை போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம், அதே வாரம் ஆய்வுக்கூடத்தில் கேட்ட பேச்சு. தயிரைப் புளிக்கவைக்கும் வகைக் கிருமி வெளிவிடும் சத்து தோல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று ஆராய்ச்சியாளர் ப்ரியங்கா கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். கிருமியை வேகவைத்துக் கொன்றாலும் அந்தச் சத்து வேலை செய்கிறதாம். டீ ஊற்றிக்கொண்டிருந்த நீலாவதியின் கை நின்றுவிட்டது. தினமும் தொட்டியில் கொட்டுவது அதைத்தானே?

வேகவைத்த அந்த நீரை இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் நிரப்பி, டிபன் பைக்குள் வைத்து, அபர்டீன் பஜாரில் பஸ் ஏறினாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்தது தெரிந்துவிடும். வேகவைத்ததில் கெடுதல் இருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்னடி இது, உங்க லேப் மோரா? ஊறுகா கொண்டாரலியா?" என்று காலை நீட்டினார் யோகராஜ்.

"ஆட்டாதீங்க. துணி நழுவுது."

தினமும் புட்டியில் கொண்டுவந்து, எண்பத்தாறு நாள் துணியை நனைத்துக் கட்டினாள். ஜனவரியில் புள்ளியின் ஓரம் வெளுத்தது. "தேக்கோ, பாரு, போயிட்டிருக்கு," என்று பக்கத்துப் படகுக்காரரிடம் காலைத் தூக்கிக் காட்டினார். கப்பல் டிக்கெட் பேச்சை அவளும் எடுக்கவில்லை. பிப்ரவரியில் யோகராஜுக்குத் தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி வந்தது.

நோய் பரவிவிட்டதோ என்று பயந்து, மறுநாள் காலை ப்ரியங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ப்ரியங்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீலாக்கா, அது கண்ணாடித் தட்டுல வளத்த செல்லு. எலிக்குக்கூட இன்னும் குடுக்கல. தட்டுல பினாயில் ஊத்தினாலும்தான் சாகும்."

"ஓரம் வெளுத்துச்சே மேடம்?"

"ஈரத்துல ஊறின தோலு வெளுக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா," என்றார்.

நீலாவதிக்கு இப்போதுதான் உறைத்தது. கேட்டிருந்தால் வேலை மட்டும்தான் போயிருக்கும்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. இனி வெட்டிப் பயனில்லை, ஊசி மருந்து போட்டுப் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் யோகராஜ் சொன்னார்: "ஊசியெல்லாம் வேணாம். வீட்டுக்குப் போலாம். உன் தண்ணியையே கட்டு. நடுவுல நிறுத்தினதுதான் தப்பு."

அவள் தரையைப் பார்த்தாள். "அது மருந்தில்லீங்க. வெறும் கழிவு. எனக்குத் தெரியல."

வார்டு பாயின் தள்ளுவண்டி ஒன்று இருவரையும் உரசிக்கொண்டு போயிற்று.

"நவம்பர்லயே நீ என்னை இழுத்துட்டு வந்திருக்கணும்."

"ஆமா."

அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. ஊசிக்குச் சம்மதம் கேட்டு நர்ஸ் நீட்டிய தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டார். முதல் ஊசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.