அக்காக்குருவிக்குப் பதில்

சித்திரை பிறந்தால் போதும், குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்பில் அக்காக்குருவி தொண்டை கிழியக் கத்தத் தொடங்கிவிடும். "அக்கா... அக்கா... அக்கா..." வெள்ளத்தில் அக்காளைப் பறிகொடுத்த தங்கச்சிதான் குருவியாகித் தேடுகிறாளாம். அதனால் அதைக் கேட்கிற அக்காக்காரி "இருக்கேன்டி" என்று சொல்லியாக வேண்டும். பரிமளாவின் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

ஐம்பத்தாறு வயதாகிறது. ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்தில் காய் நறுக்குகிறாள். வாய் நிறைய வெற்றிலை இருந்தாலும் துப்பிவிட்டுக் குருவிக்குப் பதில் சொல்வாள். கூடப் பிறந்த தங்கச்சி ஜெயத்துக்கு மட்டும் ஒன்பது வருஷமாகப் பதிலே இல்லை. அப்படியொரு அழுத்தக்காரி!

சின்ன வயதில் இரண்டு பேரும் அந்தத் தோப்பில்தான் முந்திரிப்பழம் பொறுக்குவார்கள். ஜெயம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குருவி மாதிரியே கத்துவாள். பரிமளா ஒவ்வொரு தடவையும் ஏமாந்து "இருக்கேன்டி" என்பாள். பாவாடையெல்லாம் பழக்கறையோடு ஜெயம் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். அடடா, அது ஒரு காலம்!

ஜெயத்தைக் கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மகள் அஸ்வினிக்கு மஞ்சள் நீர் சுற்றிய அன்று, விழுப்புரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டுப் பரிமளா தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். "அக்கா வந்தா என்ன, வராட்டி என்ன" என்று உள்ளே ஜெயம் சொல்வது காதில் விழுந்தது. வரிசைத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பியவள்தான்.

இப்போது அஸ்வினிக்கு வைகாசியில் கல்யாணம். ஜெயம் மூன்று தடவை போன் செய்தாள். பரிமளா எடுக்கவில்லை. எடுக்கத்தான் மனசு கிடந்து தவித்தது, வீம்பு விடவில்லை.

"குருவிக்கெல்லாம் பதில் சொல்றீங்க அத்தை, உங்க தங்கச்சிக்குச் சொல்லக் கூடாதா?" என்றாள் மருமகள் கலைப்பிரியா.

"குருவி என்னை வராட்டி என்னன்னு கேட்டுச்சாடி?"

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் பெருக்கும்போது வேலிப் பக்கம் கத்தல் கேட்டது. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"இருக்கேன்டி, இருக்கேன்டி. காலையிலேயே உயிர வாங்கிக்கினு..."

கத்தல் நின்றுவிட்டது. முந்திரி மரத்துக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நரைத்த தலையோடு ஜெயம் வெளியே வந்தாள். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"சொல்லிட்ட இல்ல? இனிமே இல்லன்னு சொல்ல முடியாதுக்கா."

துடைப்பம் கீழே விழுந்தது. "பாவி, இந்த வயசுலயும் ஏமாத்திட்டியேடி!"

தோப்புக்குள் நிஜக் குருவி அக்கா, அக்கா என்று கத்தியது. தங்கச்சியின் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்த பரிமளாவுக்கு அது காதிலேயே விழவில்லை.