லைட் எரியும் பெட்டி

தூத்துக்குடியில் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வேண்டாததை யார் தலையிலும் கட்டமாட்டேன் என்று எனக்கொரு கர்வம்.

அன்று ஒரு மீனவர் தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். பிள்ளை அழுதால் லைட் எரியும் மானிட்டர் கேட்டார்.

“தண்டச்செலவு தம்பி. பெத்தவளுக்குக் கேக்காத அழுகையா பெட்டிக்குக் கேக்கப்போவுது?” என்றேன். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினார். உற்சாகமாகி இன்னும் பேசினேன்.

அவர் முதுகுக்குப் பின்னால், கடைத் தொட்டிலில் கிடத்தியிருந்த பிள்ளை வீறிட்டது. அந்தப் பெண் திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

கணவர் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். “அவளுக்குக் காது கேக்காது அண்ணாச்சி. விடியுமுன்ன நான் போட்டுல ஏறுனா ராத்திரிதான் வருவேன். வீட்ல வேற ஆளில்ல.”

மானிட்டரை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்பை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினேன். கடைக்காரர் வழியனுப்புகிறார் என்று நினைத்து, அவரும் சிரித்தபடி கைகூப்பினார்.

அவரைச் சேராத அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.